பழைய தியேட்டர் ஹார்னில் பேஸ் எடுப்பது எப்படி: ஆல்டெக் ஏ7 பெட்டியை வைத்து ஒரு வழிகாட்டி

கூம்புபோல் விரியும் வாய் வைத்த ஹார்ன் ஸ்பீக்கருக்கு முதல்முறை மாறுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகிறார்கள். முதல் வாரம் மயக்கம். பாடகரின் குரல் அறைக்கு நடுவில் வந்து நிற்கும், மிருதங்கத்தின் வலந்தலை விரல்நுனி வரை கேட்கும், ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கே வீடு நிறையும். இரண்டாம் வாரம் கேள்வி வரும்: மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பி எங்கே? பேஸ் கிடார் எங்கே? மூன்றாம் வாரம் பேஸ் எனும் தாழ்ந்த சுரங்களைத் தரும் வூஃபர் புதிதாக வாங்க விலை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த விசாரணையைத் தள்ளிப்போடத்தான் இந்தக் கட்டுரை. வூஃபரை மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் உயர்ந்த சுரங்களைத் தரும் மேல் ஹார்னின் சத்தத்தைக் குறைக்க வேண்டும், காற்றுக் கசிவை அடைக்க வேண்டும், பலகைகளின் அதிர்வை நிறுத்த வேண்டும், போர்ட் எனும் பெட்டியின் கீழ்த் திறப்பைச் சரிசெய்ய வேண்டும், பெட்டியின் முகத்தை அகலமாக்க வேண்டும். இவ்வளவும் மரக்கடை, ஹார்டுவேர் கடைச் செலவோடு முடிந்துவிடும். இவற்றைச் செய்யாமல் விலை உயர்ந்த வூஃபரைப் போட்டால், பழைய குறைகள் அப்படியே இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஆல்டெக் லான்சிங் நிறுவனத்தின் ஏ7 மாடலை எடுத்துக்கொள்கிறேன். ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ என்ற பெயரில் 1945-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்காக வந்த வரிசை அது. அதற்குப் பத்தாண்டு முன்பு எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் டக்ளஸ் ஷீரர் தலைமையில் உருவான பெரிய தியேட்டர் ஹார்னில் வேலை பார்த்த ஜான் ஹில்லியர்ட், ஜேம்ஸ் பி. லான்சிங் இருவருடைய அனுபவமும் இதில் இறங்கியிருக்கிறது. வரிசையில் ஏ7 சின்னது. சின்னது என்றாலும் சுமார் 42 அங்குல உயரம், 30 அங்குல அகலம், 24 அங்குல ஆழம். மடிப்பு இல்லாத எளிய ஹார்ன் என்பதால் முதன்முதலாகக் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய வடிவம் எனக்குத் தெரியவில்லை. ஆல்டெக்கே தன் பெட்டிகளின் வரைபடங்களை வெளியிட்டிருந்தது. தேடினால் இன்றும் கிடைக்கும். ஏ7-க்கு 825, 828 என்ற எண்களில் பாருங்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கணக்கு பிடிக்காதவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹார்ன் எவ்வளவு தாழ்ந்த சுரம் வரை வேலை செய்யும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எவ்வளவு மெதுவாக விரிகிறது, அதன் வாய் எவ்வளவு பெரியது.

திருவிழாவில் மரத்தில் கட்டும் கூம்பு ஸ்பீக்கரைப் பாருங்கள். வாய் 20 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு 1.6 மீட்டர். வாயின் சுற்றளவு ஒரு முழு அலைநீளத்துக்கு ஈடாக இருக்கும் வரைதான் ஹார்ன் காற்றை ஒழுங்காகப் பிடித்துத் தள்ளும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 344 மீட்டர், அதை 1.6-ஆல் வகுத்தால் 215 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அந்தக் கூம்பிலிருந்து பெரிதாக ஒன்றும் வராது. நாகஸ்வரம் ஊருக்கே கேட்டு, தவிலின் அடிநாதம் மட்டும் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். மைக் செட்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இப்போது 50 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலைநீளம் கிட்டத்தட்ட 6.9 மீட்டர். வட்டமான வாய் என்றால் விட்டம் ஏழடிக்கு மேல். எக்ஸ்பொனென்ஷியல் வகை ஹார்னாக இருந்தால் ஒவ்வொரு 38 செ.மீ. நீளத்துக்கும் குறுக்குப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும்; அதைவிட வேகமாக விரிந்தால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்காது. ஹார்ன் தொடங்கும் குறுகிய முனையான தொண்டையின் பரப்பு 500 சதுர செ.மீ. என்று கொண்டால் நீளம் 2.4 மீட்டர் அளவுக்கு வரும். எந்த வீட்டு ஹாலில் இதை வைப்பது?

வழி இருக்கிறது. தரையில் வைத்தால் தரையே கண்ணாடிபோல் ஒலியைத் திருப்பித் தருகிறது, அதனால் பாதி வாய் போதும். தரையும் சுவரும் சேர்ந்தால் கால்வாசி. தரையும் இரண்டு சுவரும் சேரும் மூலையில் எட்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன அதே 50 ஹெர்ட்ஸ் ஹார்னுக்கு மூலையில் அரை சதுர மீட்டருக்கும் குறைவான வாயும், 1.25 மீட்டர் நீளமும் போதும். அதையும் மடித்து உள்ளே வைத்துவிட்டால் அலமாரி அளவில் அடங்கிவிடும். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் 1946-இல் நிறுவனம் தொடங்கிய பால் கிளிப்ஷ் செய்த கிளிப்ஷ்ஹார்ன் இதுதான். வீட்டுச் சுவர்களே அந்த ஹார்னின் கடைசிப் பகுதி.

ஏ7-க்கு வருவோம். அதன் வூஃபருக்கு முன்னால் உள்ள ஹார்ன் ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடுகிறது. 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்கு மேலேதான் அது ஹார்னாக வேலை பார்க்கும். அதற்குக் கீழே வருவது முழுக்க, வூஃபரின் பின்பக்கக் காற்று கீழே உள்ள செவ்வகத் திறப்பு வழியாக வெளியேறும் பேஸ் ரிஃப்ளெக்ஸ் முறை. அதாவது நீங்கள் தேடும் பேஸ் ஹார்னில் இல்லை. பெட்டியில் இருக்கிறது, அந்தத் திறப்பில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

பழையதை வாங்கும்போது

மேலே உட்காரும் உலோக ஹார்ன் 511 என்றால் கிராஸ்ஓவர் (சுரங்களை வூஃபருக்கும் மேல் ஹார்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) 500 ஹெர்ட்ஸ், 811 என்றால் 800 ஹெர்ட்ஸ். வூஃபர் 803 அல்லது 416 ஆக இருக்கும். பழையவை பெரும்பாலும் 16 ஓம், பிறகு வந்தவற்றில் 8 ஓமும் உண்டு. இரண்டு பெட்டியிலும் ஒரே மாடல், ஒரே ஓம் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். டிசி ஓம் அளவு எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.

வூஃபரின் கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பை) இரண்டு கைவிரல்களாலும் சமமாக அழுத்தித் தள்ளிப் பாருங்கள். உரசல் சத்தம் கேட்டால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் இடம் நகர்ந்திருக்கிறது. ஆல்டெக் வூஃபர்களின் விளிம்பு பசை தடவிய துணி என்பதால் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கும். வேறு கம்பெனி வூஃபரில் ஃபோம் விளிம்பு இருந்தால் அது பொடிப்பொடியாக உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நெடுங்காலம் ஒரே நிலையில் நின்ற கனமான கோன் கீழ்ப்பக்கம் தொங்கியிருக்கும். வூஃபரைக் கழற்றி, மேல் கீழாகத் திருப்பி மாட்டினால் நாளடைவில் சரியாகும்.

பழைய கிராஸ்ஓவரில் தகர டப்பா வடிவில் எண்ணெய்க் கப்பாசிட்டர் இருந்தால் அதைத் திறக்கவோ துளைக்கவோ கூடாது. அமெரிக்காவில் 1979-இல் தடை செய்யப்பட்ட பிசிபி என்ற நச்சு எண்ணெய் உள்ளே இருக்கலாம். ஒழுகுகிறது என்றால் கையுறை போட்டுக் கழற்றி, தனியாகப் பையில் கட்டி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. அசல் ஆல்டெக் பெட்டி கையில் இருந்தால் அதை அறுக்காதீர்கள். கீழே நான் சொல்லும் மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே கழற்றக்கூடியவை. வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் புதிதாக ஒன்று கட்டி அதை வெட்டுங்கள்.

புதிதாகக் கட்டுவதென்றால்

மரம்: 19 மி.மீ. பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். மலிவான கமர்ஷியல் பிளையின் அடுக்குகளுக்குள் ஆங்காங்கே வெற்றிடம் இருக்கும். பேஸ் வாசித்தால் அந்த இடம் கரகரக்கும், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் வெறுத்துப்போவீர்கள். கடையிலேயே ஷீட்டை நிமிர்த்தி விரல்கணுவால் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் மாறும் இடம் தெரியும். எம்.டி.எஃப். அதிர்வு குறைவானதுதான், ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் விளிம்புகள் ஊதிவிடும், எடையும் அதிகம். ஒரு பெட்டிக்கு எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு ஆகும்.

நேர்வெட்டுகளை மரக்கடை மெஷினிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். வீட்டில் கையால் அறுத்துக் கோணம் போனால் அதுவே பிறகு கசிவாகும். ஆசாரியிடம் கொடுத்துச் செய்வதானால் அவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும்: இது அலமாரி இல்லை, காற்றுப் போகாத டாங்க். அலமாரி வேலையில் ஆணி போதும் என்று நினைக்கிற இடத்தில் எல்லாம் இங்கே பசையும் ஸ்க்ரூவும் வேண்டும்.

வரிசை இப்படி: அடிப்பலகை, இரண்டு பக்கப் பலகைகள், மேல்பலகை ஆகியவற்றைச் சட்டமாக நிறுத்துங்கள். ஒவ்வொரு மூலையிலும் உள்ளே ரீப்பர் கட்டை, பசை தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. அடுத்து வூஃபர் பலகை. 15 அங்குல வூஃபர் என்றால் துளை 15 அங்குலம் அல்ல. உங்கள் வூஃபரின் பின்புறக் கூடையை அளந்து அந்த அளவுக்கு வெட்டுங்கள். மர ஸ்க்ரூ போட்டு மாட்டாதீர்கள், நாலு தடவை கழற்றினால் துளை தேய்ந்துவிடும். டி-நட் (மரத்துக்குள் பதியும் உலோக நட்) அடித்து போல்ட் போடுங்கள்.

வளைந்த பக்கச் சுவர்கள்தான் எல்லோரையும் பயமுறுத்தும் பகுதி. வரைபடத்தில் உள்ள வளைவை 19 மி.மீ. பலகையில் விலா எலும்புபோல் நாலைந்து வெட்டி, எட்டு அங்குல இடைவெளியில் நிறுத்துங்கள். அதன்மேல் 6 மி.மீ. பிளையை வளைத்து ஒட்டி, காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு 6 மி.மீ. ஷீட்டை ஒட்டுங்கள். இரண்டும் ஒட்டிய பிறகு ஒரே கெட்டிச் சுவர்போல் நிற்கும். வளையும் வகை பிளை கிடைத்தால் இன்னும் எளிது. வளைவு மில்லிமீட்டர் சுத்தமாக வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இந்த ஹார்ன் வேலை செய்யும் அலைநீளங்கள் அடிக்கணக்கில் நீளமானவை, கால் அங்குல வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது. ஆனால் சுவர் அதிர்ந்தால் தெரியும். அதனால் நேரத்தை வளைவின் அழகில் செலவிடாமல் விலாக்களின் எண்ணிக்கையில் செலவிடுங்கள்.

பின்பலகையைக் கழற்றுகிற மாதிரி வையுங்கள். வூஃபரை அந்த வழியாகத்தான் மாட்ட வேண்டும். உள்ளே பின்பக்கமும் ஒரு பக்கச் சுவரும் மேல்பலகையும் ஓரங்குல கண்ணாடிக் கம்பளி, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கண்ணாடிக் கம்பளியைத் தொடாதீர்கள். போர்ட்டின் பாதையில் அது வந்து மறைக்கவும் கூடாது.

பேஸ் வேலை, படிப்படியாக

இனிமேல் சொல்வது புதுப் பெட்டிக்கும் பழைய பெட்டிக்கும் பொது.

*ஒன்று, மேல் ஹார்னை அடக்குங்கள்.* பேஸ் இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பங்கு, உண்மையில் மேல்பக்கம் அதிகம் என்ற புகார்தான். உலோக ஹார்னும் அதற்குள் ஒலி எழுப்பும் கம்ப்ரெஷன் டிரைவரும் வூஃபரைவிடக் கூடுதலாகச் சத்தம் தருபவை. இரண்டையும் சமப்படுத்தாமல் விட்டால் காது குரலின் அளவுக்கு வால்யூமை வைத்துக்கொள்ளும், பேஸ் பின்தங்கும். எல்-பேட் என்ற சுழற்று கன்ட்ரோல் ஒன்றைக் கிராஸ்ஓவருக்கும் டிரைவருக்கும் நடுவில் மாட்டி, டிரைவரின் ஓமுக்கு ஏற்றதாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முதலில் மந்தமாகத் தோன்றும். அரை மணி நேரம் காதுக்கு அவகாசம் கொடுங்கள்.

அதே நேரத்தில் ஒரு பாதுகாப்பு: கம்ப்ரெஷன் டிரைவரைச் சோதிக்கும்போது நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் மாட்டவே கூடாது. தொடரில் ஒரு கப்பாசிட்டர் வேண்டும். 16 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபாரட் போட்டால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டத் தொடங்கும். ஆம்ப் ஆன் செய்யும்போது வரும் ஒரே ஒரு ‘டொப்’ சத்தம் டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடான பழைய டயாஃப்ரத்தைக் காலி செய்யப் போதும்.

*இரண்டு, கசிவு.* ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 35 அல்லது 40 ஹெர்ட்ஸ் தொனியைச் சின்னச் சத்தத்தில் ஓடவிடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு மூட்டருகிலும், பின்பலகையின் நாலு விளிம்பிலும், ஒயர் வெளியே வரும் துளையிலும், வூஃபரின் விளிம்பைச் சுற்றியும் பிடித்துக்கொண்டே போங்கள். (கம்பளியிலிருந்தும் கோனிலிருந்தும் நெருப்பைத் தள்ளியே வையுங்கள்.) புகை நேராகப் போகாமல் நடுங்கினால் அங்கே கசிவு. பழைய 825 பெட்டிகளில் கழற்றும் பின்பலகைதான் முதல் குற்றவாளி. ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பைச் சட்டத்தில் சுற்றிலும் ஒட்டி, ஸ்க்ரூவின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பலகையை இறுக்குங்கள். மூட்டுகளுக்கு உள்பக்கம் பசையும் மரத்தூளும் குழைத்த பட்டி போதும். ரிஃப்ளெக்ஸ் பெட்டியில் கசிவு என்பது போர்ட்டுக்குப் போக வேண்டிய காற்று வழியில் தொலைவது. அதை அடைத்தாலே பேஸ் கெட்டிப்படுவது கேட்கும்.

*மூன்று, பலகை அதிர்வு.* இசை ஓடும்போது பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளங்கையை வையுங்கள். பின்பலகையும் அகலமான பக்கங்களும் தோல்போல் துடிக்கும். ஓடாதபோது விரல்கணுவால் தட்டினால் ‘டும்’ என்று நீண்டு ஒலிக்கும்; ‘டக்’ என்று நிற்க வேண்டும். பெரிய பலகை ஒவ்வொன்றையும் நடுவில் சரியாகப் பாதியாக்காமல், ஒரு பக்கம் கொஞ்சம் சரித்து ரீப்பர் கட்டை ஒட்டுங்கள். ரீப்பரைப் படுக்கையாக ஒட்டாமல் நிமிர்த்தி ஒட்டினால் விறைப்பு பலமடங்கு கூடும். முன்பலகையையும் பின்பலகையையும் இணைத்து ஒரு கட்டை, இரண்டு பக்கப் பலகைகளையும் இணைத்து ஒரு கட்டை போட்டால் மிக நல்லது. கிளிப்ஷின் லா ஸ்காலா மாடல் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலை உண்டு. அதன் ஹார்ன் வாயின் இரண்டு பக்கப் பலகைகளும் பிடிமானம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருப்பவை, நடுவிலிருந்து இரு பக்கமும் கிடைமட்டமாக ஒரு பலகை கொடுத்துத் தாங்கினால் அடங்கும். மேலே உள்ள உலோக ஹார்னும் மணிபோல் ஒலிக்கும். அதன் வெளிப்பக்கம் கார் கதவுக்குள் ஒட்டும் தார் ஷீட்டை ஒட்டுங்கள்.

*நான்கு, போர்ட்.* இதுதான் உண்மையான பேஸ் வேலை, அவசரப்படாமல் செய்யுங்கள்.

பெட்டிக்குள் உள்ள காற்று ஸ்ப்ரிங், போர்ட்டில் உள்ள காற்று எடை. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடும். பெட்டியின் கொள்ளளவு பெரிதானாலும், போர்ட்டின் பரப்பு குறைந்தாலும், அதன் நீளம் கூடினாலும் அந்த அதிர்வெண் கீழே இறங்கும். எடுத்துக்காட்டுக்கு உள்கொள்ளளவு 250 லிட்டர், போர்ட் 40 செ.மீ. அகலம் 10 செ.மீ. உயரம் என்று கொள்வோம். வெறும் 19 மி.மீ. பலகையில் வெட்டிய திறப்பாக விட்டால் கணக்குப்படி 51 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அதே திறப்பின் பாதியை அடைத்தால் 42-க்கு இறங்கும். அடைக்காமல், உள்ளே 13, 14 செ.மீ. நீளத்துக்குப் பலகைக் குழாய்போல் நீட்டினால் ஏறக்குறைய 40. பரப்பைக் குறைக்காமல் நீட்டுவதே மேல், ஏனென்றால் குறுகிய போர்ட்டில் காற்று வேகமாகப் போய் ஊதல் சத்தம் வரும். ஆனால் சோதித்துப் பார்க்கப் பாதி அடைப்பதுதான் சுலபம்: ஒரு துண்டுப் பலகை, ஓரத்தில் ஃபோம் டேப், இரண்டு கிளாம்ப். பிடித்தால் வையுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.

கணக்கு ஒரு தொடக்கம்தான். உங்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்று அளந்தே பார்த்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவ் முனையிலிருந்து 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் வைத்து வூஃபருக்குக் கொண்டுபோங்கள். கிராஸ்ஓவர் நடுவில் வேண்டாம். டோன் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஆம்பில் மூன்று வோல்ட் அளவு வையுங்கள். மல்டிமீட்டரை ஏசி 2 வோல்ட் ரேஞ்சில் வைத்து வூஃபரின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். 15-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே எழுதிவாருங்கள். அளவு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், இறங்கும். இரண்டு சிகரங்களுக்கு நடுவில் வரும் பள்ளம்தான் உங்கள் போர்ட்டின் அதிர்வெண். மீட்டர் இல்லாவிட்டால் கண் இருக்கிறது: ரெசிஸ்டரை எடுத்துவிட்டு அதே தொனிகளை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, பின்பலகை மூடிய நிலையில் முன்பக்கமாக டார்ச் அடித்து வூஃபரைக் கவனியுங்கள். போர்ட்டின் அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், சத்தம் முழுவதும் திறப்பிலிருந்து வரும்.

எந்த எண்ணுக்குக் கொண்டுவருவது? 416 போன்ற வூஃபருக்கும் சாதாரண ஹாலுக்கும் 38 முதல் 45 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்துவது என் விருப்பம். இன்னும் கீழே இழுத்தால் ஆழம் வருவதுபோல் காகிதத்தில் தெரியும், ஆனால் 60 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் மெலிந்துவிடும். தொப்பியின் உடம்பும் பேஸ் கிடாரின் நடையும் அங்கேதான் நிறைய இருக்கின்றன. போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். பழைய தியேட்டர் வூஃபர்கள் அதிகதூரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எல்பி இசைத்தட்டு கேட்பவர்களாக இருந்தால் 25, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ரம்பிள் ஃபில்டர் அவசியம்.

*ஐந்து, சிறகுகள்.* தாழ்ந்த சுரங்களுக்குப் பெட்டியின் முகம் போதுமான அகலம் இல்லை என்றால் ஒலி பின்னால் வழிந்து போய்விடும். ஒரு எளிய கணக்கு: 115-ஐ முகத்தின் அகலத்தால், மீட்டரில், வகுங்கள். ஏ7-இன் 76 செ.மீ. அகலத்துக்கு 150 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே முன்பக்கம் கிடைக்கும் சத்தம் படிப்படியாகக் குறைந்து, சுவர்கள் இல்லாத இடத்தில் 6 டெசிபல் வரை போகும். ஆல்டெக் தன் பெரிய தியேட்டர் மாடல்களில் இருபுறமும் பலகைச் சிறகுகள் வைத்தது இதற்காகத்தான். வீட்டில், பெட்டியின் உயரத்துக்கு 40 செ.மீ. அகலப் பலகை இரண்டை, பின்னால் ரீப்பர் கொடுத்து விறைப்பாக்கி, முன் விளிம்போடு கீல் போட்டு மாட்டுங்கள். மொத்த அகலம் 1.56 மீட்டர் ஆகிறது, அந்த 150 இப்போது 74-க்கு இறங்குகிறது. வேண்டாதபோது மடித்துவிடலாம். வீட்டில் உள்ளவர்கள் சம்மதிப்பது வேறு விஷயம். சிறகுக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் பயனில்லை, ஃபோம் டேப் போடுங்கள்.

*ஆறு, இடம்.* சிறகுக்கு இடமில்லாதவர்கள் பெட்டியைப் பின்சுவரோடு ஒட்டி, முடிந்தால் மூலைக்கு அருகில் வையுங்கள். சுவரே சிறகின் வேலையில் பாதியைச் செய்துவிடும். பிறகு நீங்கள் உட்காரும் இடத்தைப் பாருங்கள். 15 அடி நீள அறையின் முதல் நிலையலை 38 ஹெர்ட்ஸில் வரும். சரியாக நடுவில் உட்கார்ந்தால் அந்தச் சுரம் காதுக்குக் கிடைக்காது. நாற்காலியை ஒன்றிரண்டு அடி பின்னால் தள்ளிவிட்டு மறுபடி கேளுங்கள்.

இரண்டு பெட்டிகளும் ஒரே திசையில் தள்ளுகின்றனவா என்பதையும் இங்கே பார்த்துவிடுங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு கணம் தொடவைத்தால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் வூஃபர்கள் மட்டும் சிவப்பு முனையில் பாசிட்டிவ் கொடுத்தால் உள்ளே போகும், அது அவர்கள் வழக்கம். எப்படி இருந்தாலும் இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். எதிரெதிராக இருந்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

வூஃபரும் சப்வூஃபரும்

இவ்வளவும் செய்தபிறகு வூஃபர் மாற்ற நினைத்தால், அல்லது புதுப் பெட்டிக்கு வாங்குவதென்றால், மேடைக் கச்சேரிக்குச் செய்யும் எல்லா 15 அங்குல வூஃபரும் இதற்கு உதவாது. வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். ஐந்து பத்து வாட்டில் ஓடப்போகும் பெட்டிக்கு 800 வாட் காயில் எதற்கு? டேட்டா ஷீட்டில் எஃப்எஸ் (வூஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே, க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்று காட்டும் எண்) 0.3 முதல் 0.4-க்குள், சென்சிடிவிட்டி (ஒரு வாட்டில் தரும் சத்தம்) 96 டெசிபலுக்கு மேல் இருப்பதைத் தேடுங்கள். எஃப்எஸ் 50, 60 என்று இருப்பவை கச்சேரி மேடையில் அடிவயிற்றில் குத்தும், வீட்டில் ஆழம் தராது.

சப்வூஃபர் சேர்ப்பது ஹார்ன்காரர்கள் சிலருக்குப் பாவம். எனக்கு அப்படியில்லை. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆர்கன் பைப்பும் சினிமா வெடிச்சத்தமும் வேண்டும் என்றால் ஏ7-ஐ வதைப்பதைவிட அது நேர்மையான வழி. ஆனால் ஒரு வாட்டில் 100 டெசிபல் அளவு தரும் பெட்டியோடு எட்டு அங்குலச் சின்ன சப் ஈடுகொடுக்காது. 15 அல்லது 18 அங்குலம், முடிந்தால் இரண்டு, 50 முதல் 60 ஹெர்ட்ஸில் வெட்டுங்கள். வெட்டும் அந்த அதிர்வெண்ணில் ஒரு தொனியை ஓடவிட்டு, அதன் ஃபேஸ் கன்ட்ரோலை (ஒலி அலையை முன்பின் நகர்த்தும் குமிழை) உட்காரும் இடத்தில் சத்தம் அதிகபட்சமாக வரும் நிலையில் நிறுத்துங்கள். ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவை மைக்கும் இருந்தால் அந்த வேலை பத்து நிமிடம். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் சப்பின் குமிழைத் திருப்ப, நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் கை காட்ட வேண்டியதுதான்.